பஸ்ஸில் போய் நடப்பது: பல வருட அனுபவத்திலிருந்து

காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் போய்க் கிராமப்புறங்களில் நடப்பதை வருடக்கணக்காகச் செய்து வருகிறேன். இதைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் 'நல்ல பாதை எது?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாதை அப்புறம். திரும்பி வர எத்தனை மணிக்கு பஸ், அதை விட்டால் அடுத்தது எப்போது என்று முதலில் பாருங்கள். அது தெரிந்துவிட்டால் பாதை தானாக அமையும்.

காரில் போகிறவர் வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அதனால் அவருடைய நடை வட்டமடிக்கும், இல்லையென்றால் போன வழியே திரும்பும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தளை கிடையாது. ஓர் ஊரில் இறங்கி, மேட்டைத் தாண்டி, மறுபக்கம் வேறொரு ரோட்டில் வேறொரு பஸ்ஸைப் பிடிக்கலாம். ஓர் ஆற்றை அதன் போக்கிலேயே நாள் முழுவதும் பின்தொடரலாம். உயரமான ஊரில் இறங்கித் தாழ்வான ஊரில் ஏறினால், ஏற்றத்தில் பாதியை பஸ்ஸே ஏறிக் கொடுத்துவிடும். கொஞ்சம் கள்ளாட்டம்தான். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இத்தனை வருடங்களில் நான் மாற்றாமல் வைத்திருப்பது ஒரே ஒரு விதி. நாளுக்கு மூன்று நான்கு தடவை மட்டும் பஸ் வரும் ஊருக்குக் காலையிலேயே போய் இறங்கிவிடுவேன். அங்கிருந்து, அடிக்கடி பஸ் ஓடும் மெயின் ரோட்டை நோக்கி நடப்பேன். காலையில் அந்த அரிதான பஸ் வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை, வீட்டுக்குப் பக்கத்தில்தானே நிற்கிறோம், வேறு பக்கம் கிளம்பலாம். அதே பஸ் மாலையில் வராவிட்டால் கதை வேறு. தவிர, அரை மணிக்கொரு பஸ் இருக்கும் ரோட்டை நோக்கி நடக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கவே தோன்றாது. ஓடைக்கரையில் உட்காரத் தோன்றினால் உட்காரலாம். திசையைத் திருப்பினால் காட்சி இன்னும் நன்றாக இருக்கும், மாலை வெயில் முகத்தில் அடிக்காது என்றெல்லாம் சொல்வார்கள். இருக்கட்டும், நான் திருப்புவதில்லை.

அட்டவணையைப் படிப்பது தனிக் கலை. பெரிய எழுத்தில் இருக்கும் நேரங்களைவிட, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகள்தான் முக்கியம். நிறுத்தத்துக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கிப் பாதி மங்கியிருக்கும். மாலை நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி தெரியும். கீழே தேடினால் 'பள்ளி நாட்களில் மட்டும்' என்று இருக்கும். கிராமத்து பஸ்களில் பல பள்ளிப் பிள்ளைகளை நம்பியே ஓடுகின்றன. விடுமுறை விட்டதும் அந்த டிரிப் நின்றுபோகும். அதனால் நாம் சாவகாசமாக நடக்கக் கிளம்பும் விடுமுறை மாதத்தில்தான் பஸ் குறைவு.

செயலிகள் இந்தக் குறிப்புகளை எல்லாம் சரியாகக் காட்டுமா என்றால், பெரும்பாலும் காட்டும், ஆனால் அவற்றை மட்டும் நம்பக் கூடாது. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான், இன்று உலகம் முழுவதும் பஸ் நேரங்களைப் பகிரப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் என்ற தரவு வடிவம். அதில் வாரநாள் அட்டவணைக்கு ஒரு கோப்பு, பண்டிகை, விடுமுறை போன்ற விதிவிலக்குகளுக்கு இன்னொரு கோப்பு. இரண்டாவதை யாராவது புதுப்பிக்க மறந்தால், ஓடாத பஸ் செயலியில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் ஒரு பண்டிகை நாளில் அது நடந்தது. திரையில் பஸ் 'வந்துவிட்டது', ரோட்டில் ஈ காக்கை இல்லை.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. வழியிலுள்ள பெரிய நிறுத்தங்களுக்கு மட்டும்தான் நேரத்தை உறுதியாகக் கொடுப்பார்கள். நடுவிலுள்ள சின்ன நிறுத்தங்களின் நேரம் பல இடங்களில் தூரத்தை வைத்துக் கணக்குப்போட்டு நிரப்பியதாக இருக்கும். அங்கெல்லாம் பஸ் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விடுவதும் உண்டு. பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பது வீண் இல்லை. எந்த டிரிப் நிஜமாக ஓடுகிறது என்று காலையில் இறங்கும்போதே டிரைவரிடம் கேட்டுக்கொள்வேன். அந்த வழித்தடத்தைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்?

நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைய அளவில் தோராயமாக 5 கிலோமீட்டர், 600 மீட்டர். இப்படிப் பார்த்தால் 300 மீட்டர் ஏற்றமுள்ள 12 கிலோமீட்டர் பாதைக்கு மூன்று மணி நேரம் போதும். ஆனால் அது எங்கும் நிற்காமல் நடக்கும் வாட்டசாட்டமான ஆளுக்கு. சேறு, வேலிகளைப் படியேறித் தாண்டுவது, படம் எடுப்பது, வழி பார்ப்பது எல்லாம் சேர்த்து நான் நான்கரை மணி போடுகிறேன். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைத்தான் என் பஸ்ஸாக வைத்துக்கொள்கிறேன்.

இந்த விஷயத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அங்கே 65,000 கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை இருக்கிறது. வழிநெடுக நிற்கும் மஞ்சள் கைகாட்டிகளில் தூரத்துக்குப் பதிலாக நடக்க ஆகும் நேரத்தைப் போட்டிருப்பார்கள். பஸ் நிறுத்தத்தின் படமும் பக்கத்தில் இருக்கும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவனுக்குக் கிலோமீட்டர் எதற்கு?

நிறுத்தத்தில் நிற்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் உண்டு. பல கிராமங்களில் ரோட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் கம்பம் இருக்கும். எதிர்த் திசையில் போகிறவர் வெறும் புல்லில் நிற்க வேண்டும், அதுதான் நிறுத்தம். வளைவை ஒட்டி நிற்காமல், டிரைவர் தூரத்திலிருந்தே பார்க்கிற மாதிரி நேரான இடத்தில் நின்று கையை நன்றாக நீட்டுங்கள். இருட்டத் தொடங்கினால் போன் விளக்கை உங்கள் கையின் மேலேயே அடித்துக்கொள்ளலாம், டிரைவர் கண்ணில் அடிக்காதீர்கள். பூமத்திய ரேகைப் பக்கத்து நாடுகளில் சூரியன் மறைந்தபின் ஆள் முகம் தெரியும் வெளிச்சம் 20 முதல் 25 நிமிடம்தான் நிற்கும், வடக்கே போகப் போக அது நீளும்.

சாமான் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. சேற்றுச் செருப்போடு ஏறினால் சக பயணிகள் முகம் சுளிப்பார்கள், ஒரு பிளாஸ்டிக் பையும் மாற்றுக் காலுறையும் போதும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் பல இடங்களில் ஒற்றையடிப் பாதையும் பஸ் நிறுத்தமும் ஒரே திரையில் தெரியும்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. விடியலை மலை உச்சியில் பார்க்க வேண்டும் என்பவருக்கு அந்த நேரத்தில் பஸ் கிடைக்காது. சின்னக் குழந்தையோடு போகிறவருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு பெரும்பாடு. மற்றவர்கள் முதல் தடவையாகப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு பல வழித்தடங்களில் பாதி பஸ்கூட ஓடாது. சனிக்கிழமை போய் வாருங்கள்.