கழுத்துக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை: திருச்சி தில்லைநகர் ஆய்வகத்தில் எங்கள் அனுபவம்

அம்மாவுக்குத் தைராய்டின் வலப்பக்கம் வந்த கட்டிக்காக எஃப்.என்.ஏ.சி. என்னும், மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனையை இரண்டு இடங்களில் எடுத்தோம். பரிசோதனை ஒன்றேதான், தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் எங்கே போவது என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். ஸ்கேன் கிடையாது. விரலால் தடவிப் பார்த்து ஒரே குத்து, ஸ்லைடுகள் வேறு எங்கோ அனுப்பப்பட்டன. 'ரத்தம் மட்டுமே உள்ளது, போதிய செல்கள் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகிவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. செல்லே கிடைக்காத ரிப்போர்ட்டை வைத்து நோய் இல்லை என்று எப்படிச் சொல்வது? தைராய்டு ஊசி ரிப்போர்ட்டுகளை வகைப்படுத்தும் பெதஸ்தா முறையில் உள்ள ஆறு வகைகளில் இது முதலாவது. பொதுவாக, 10 செல்களாவது கொண்ட 6 கூட்டங்கள் ஸ்லைடில் தெரிந்தால்தான் மாதிரி போதும் என்று ஏற்பார்கள்.

பிறகு அறுவை மருத்துவர் சொல்லித் தில்லைநகர் ஆய்வகத்துக்குப் போனோம். நோயியல் மருத்துவரான டாக்டரம்மா தாமே வந்து ஊசி போட்டார். அம்மாவின் தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்த்து, "எச்சில் விழுங்காமல் இருங்கள் அம்மா, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்" என்றார். ஊசி 25 கேஜ். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. ஸ்கேன் திரையில் அதன் முனை வெள்ளைப் புள்ளியாகக் கட்டிக்குள் நுழைவதை நானே பார்த்தேன். எடுத்த துளியைக் கண்ணாடியில் இழுத்துப் பரப்பினார்கள். சில ஸ்லைடுகளைக் காற்றில் உலரவிட்டார்கள், சிலவற்றை உடனே ஆல்கஹால் ஜாடிக்குள் இறக்கினார்கள். ஒன்றுக்கு மட்டும் அவசரமாகச் சாயமேற்றி, பக்கத்து அறை மைக்ரோஸ்கோப்பில் டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "செல் குறைவாக இருக்கிறது, இன்னொரு முறை எடுத்துவிடலாம்" என்று திரும்பி வந்தார். நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இந்தக் குனிந்து பார்த்தலுக்குத்தான். முதல் இடத்தில் இதைச் செய்திருந்தால் அம்மா மறுபடி குத்து வாங்கியிருக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் நான்காம் வகை என்று வந்தது: ஃபாலிகுலர் வகைக் கட்டி. இது புற்றா, சாதாரணக் கட்டியா என்று ஊசியால் பிரித்துச் சொல்ல இயலாது என்பதை டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக் குழாயையோ செல்கள் துளைத்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். மாம்பழத்தின் சதையைக் கிள்ளிப் பார்த்து, தோல் கிழிந்திருக்கிறதா என்று சொல்ல முடியுமா? பாப்பிலரி வகைப் புற்று அப்படியில்லை, செல்லின் உட்கருவிலேயே பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவுக்குப் பாதித் தைராய்டை எடுத்தார்கள். முழுக் கட்டியையும் ஆராய்ந்ததில் அடினோமா என்னும், புற்றல்லாத சாதாரணக் கட்டிதான். "அப்புறம் எதற்கு அந்த ஊசி?" என்று சித்தி கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்ன ரிப்போர்ட்டை நான் குறை சொல்ல மாட்டேன்.

காத்திருந்தபோது, கழுத்தில் நெறிக்கட்டியோடு ஒரு கல்லூரி மாணவனும் உட்கார்ந்திருந்தான். உறிஞ்சியதில் ஒரு பங்கைக் காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்கும் சேர்த்து அனுப்பினார்கள். நம் ஊரில் அது மிக அவசியம். ஆனால் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று என்று சந்தேகம் வந்தால், ஊசியோடு நிறுத்தாமல் முழு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்ப்பதே வழக்கம். அந்தச் சூழலில் 'ஊசியில் ஒன்றும் இல்லை' என்றால் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. ஆய்வகம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை, மூட்டுவலிக்காரர்கள் பாடு திண்டாட்டம். நேரம் குறித்துக்கொண்டு போனாலும் காத்திருக்க வேண்டும். கட்டணமும் முதல் இடத்தைவிட அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். பழைய ஸ்கேன் படங்களை எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் வாங்கும்போது ஸ்லைடுகளையும் கேளுங்கள்; கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிறார்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்க அவை வேண்டும்.