ரோபோ சேசிஸின் மூலைக்கு எது பலம்: வெல்டிங்கா, ரிவெட் தகடா, போல்ட்டா?

பள்ளி மாணவர்கள் ரோபோ செய்து மோதும் எஃப்ஆர்சி (FIRST Robotics Competition) போட்டியில், பேட்டரியும் பம்பரும் சேர்ந்தால் ஒரு ரோபோ 60 கிலோவைத் தாண்டும். அந்த எடை பக்கவாட்டில் வந்து இடிக்கும்போது, சேசிஸ் எனும் அடிச்சட்டத்தின் குழாய் முறிவது அரிது. கால் தளர்ந்த கட்டில் சாய்வதுபோல, செவ்வகச் சட்டம் கோணிக்கொள்ளும். அதைத் தடுக்கும் பொறுப்பு நான்கு மூலைகளுடையது.

வெல்டிங் பார்க்க அழகு; கூடுதல் எடையும் கிடையாது. ஆனால் பெரும்பாலான அணிகள் வாங்குவது 6061-டி6 என்ற அலுமினியக் கலவைக் குழாய். அதன் வலிமை வெப்பப் பதப்படுத்தலில் வந்தது. வெல்டிங் சூடு அதையே கலைத்துவிடுகிறது. சுமார் 310 மெகாபாஸ்கல் இழுவலிமை, வெல்டிங் ஓரத்தில் ஏறக்குறைய 165-க்கு இறங்கிவிடும். விரிசல் விழுவதும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். 1.6 மி.மீ. சுவர் கொண்ட மெல்லிய குழாயில் துளை விழும் ஆபத்து வேறு. சூட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டால் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும்.

என் ஓட்டு, மூலையில் இரு குழாய்களோடும் சேர்த்து ரிவெட் (துளையில் செருகி நசுக்கிப் பிடிக்கவைக்கும் ஆணி) அடித்த முக்கோணத் தகட்டுக்கே. பக்கத்துக்கு 75 மி.மீ., தடிமன் 3 மி.மீ. என்றால் ஒரு தகடு 23 கிராம்தான். நான்கு மூலைக்கும் மேலும் கீழுமாக எட்டுத் தகடு போட்டாலும் 200 கிராமுக்குள் முடிந்துவிடும். இதில் பலர் கோட்டைவிடும் இடம் ரிவெட்டின் எண்ணிக்கையல்ல, அது உட்காரும் இடம். மூலையோரம் நெருக்கி ஆறு அடிப்பதைவிட, தகட்டின் இரு நுனிகள்வரை பரப்பி நான்கு அடிப்பது சட்டம் கோணுவதை நன்றாகத் தடுக்கும். 4.8 மி.மீ. ரிவெட்டுக்குத் தகட்டின் விளிம்பிலிருந்து 10 மி.மீ.யாவது விடவேண்டும், இல்லையென்றால் துளை கிழிந்துகொண்டு வரும்.

பழுது வெளியே தெரிவது இந்த முறையின் பெரிய வரம். ரிவெட் தளர்ந்தால் அதன் தலையைச் சுற்றிக் கரிய பொடி படியும். அலுமினியம் அலுமினியத்தோடு உரசி உதிர்வது அது. தலையைத் துளையிட்டு எடுத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குள் புதியதை அடித்துவிடலாம். வெல்டிங் விட்டுப்போனால் போட்டி அரங்கில் அந்த வசதி எளிதில் கிடைக்காது.

போல்ட் போடுவது, அடிக்கடி கழற்றவேண்டிய மூலைக்கு மட்டும். குழாயின் ஊடாக நேராக முறுக்கினால் சுவர் உள்ளே நசுங்கும், பிடிமானமும் போய்விடும். உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் அலுமினியக் கட்டையைச் செருகிவிட்டுத்தான் முறுக்கவேண்டும்.

3 மி.மீ. சுவரும், அலுமினியத்தில் கை தேர்ந்த வெல்டரும், சட்டத்தை அசையாமல் பிடிக்கும் மேடையும் சேர்ந்து கிடைக்கிற அணி வெல்டிங்குக்குத் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் தகட்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துளையில் மட்டும் போல்ட்டைத் தளர்வாக மாட்டி, சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வந்த பிறகே முதல் ரிவெட்டை அடியுங்கள்.