கொழும்பில் போன் ரீசெட்: கடை ஏற முன் கையில் இருக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வருகிறவர்கள் அன்ட்ரொய்ட் போனோடு கடை ஏறுவது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காக. கையிலுள்ள போன் லோகோவிலேயே நின்றுவிடும். அல்லது அம்மம்மாவின் போன் இழுபடும். இல்லாவிட்டால் கொண்டுவந்த பழைய போனை ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றுக்கும் கவுண்டரில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ரீசெட் அடிச்சாச் சரி வரும் அண்ணை."

சரி வரும்தான். ரீசெட், அதாவது போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதுபோல ஆக்குவது, சில நிமிட வேலை. ஆனால் அது முடிந்து போன் திரும்ப எழும்பியவுடன் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் சூரிச்சில் ஒரு மேசை லாச்சியிலோ ரொறன்ரோவில் ஒரு தபால்பெட்டியிலோ கிடந்தால் வெள்ளவத்தையில் எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. விடுமுறைக்கு வந்தவர்களின் நாட்கள் வீணாவது இந்த இடத்தில்தான்.

கடைகளுக்குக் குறைவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக தமிழிலேயே கதைத்து வேலை முடிக்கலாம். கொள்ளுப்பிட்டி லிபேர்ட்டி பிளாசாவில் போன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா கணினிக்குப் பேர்போனது, போன் வேலையும் நடக்கும். புறக்கோட்டையில் உதிரிப்பாகம் மலிவு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு. போயா நாளை (பௌர்ணமி விடுமுறை) நாட்காட்டியில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

முதலில் ரீஸ்டார்ட். கடைக்கு வருகிற போன்களில் கணிசமானவைக்கு இதுவே போதும், காசும் இல்லை. திரை உறைந்துபோய் மெனு வராவிட்டால் கட்டாய ரீஸ்டார்ட் செய்யலாம். சாம்சங்கில் பக்கப் பட்டனையும் வொலியூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து ஏழெட்டு வினாடி, திரை அணையும்வரை அமத்திப் பிடிக்க வேண்டும். பிக்சலிலும் வேறு பல போன்களிலும் பவர் பட்டனை மட்டும் 30 வினாடி வரை பிடிக்க வேண்டும். பத்து வினாடியில் கையை எடுத்துவிட்டு "வேலை செய்யேல்ல" என்று சொல்கிறவர்கள்தான் கூட. இதனால் எந்தத் தரவும் அழியாது.

ஆனால் ரீஸ்டார்ட்டிலும் ஒரு கண்ணி உண்டு, ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் சிம்முக்கே தனிப் பின் இலக்கம் போட்டுத் தருவது வழக்கம். மாதக்கணக்கில் போனை அணைக்காதவருக்கு அந்த நாலு இலக்கம் மறந்திருக்கும். போன் திரும்ப எழும்பும்போது அதைக் கேட்கும். மூன்று தரம் பிழைத்தால் பக் இலக்கம் (PUK, பூட்டிய சிம்மைத் திறக்கும் இலக்கம்) வேண்டும், அதையும் பத்துத் தரம் பிழைத்தால் சிம் செத்துவிடும். பின் இலக்கம் உறுதியாகத் தெரியாவிட்டால் கடைக்காரர் கையில் கொடுக்க முன் செட்டிங்ஸில் சிம் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பக் இலக்கம் சிம் வந்த அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும், அல்லது கம்பனியின் இணையக் கணக்கில் கிடைக்கும்.

இன்னொன்று, வயதானவர்களைப் பயப்படுத்துவது. ரீஸ்டார்ட் ஆன போனில் திரைப்பூட்டை ஒருமுறை திறக்கும்வரை தொடர்பு இலக்கங்கள் மறைகுறியாக்கத்துக்குள் பூட்டிக் கிடக்கும். அதனால் மகள் எடுத்தாலும் பெயர் வராது, வெறும் இலக்கம்தான் வரும். "என்ர நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு" என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை. பின் அடித்துத் திறந்தவுடன் பெயர்கள் வரும்.

தானாகவே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிற போனென்றால் உறையைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை விரலால் தடவிப் பாருங்கள். அமத்தினால் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்து பட்டன் மேலே திரும்ப வேண்டும். சத்தம் இல்லாமல் பஞ்சு மாதிரி அமுங்கினால், அல்லது உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றால், பட்டனே போனை ஓயாமல் அணைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு ரீசெட் மருந்தல்ல. பட்டன் பட்டியை மாற்றுவது சின்ன வேலை, ரீசெட் அடித்துப் படங்களை இழந்த பிறகும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டி வரும். அமைப்பு ஒழுங்காக எழும்பிய பின் குறிப்பிட்ட நேரத்தில்தான் தொங்குகிறது என்றால் சேஃப் மோட்டில், அதாவது பிற்பாடு போட்ட அப்கள் ஓடாத நிலையில், பாருங்கள்: பவர் மெனுவில் 'பவர் ஓஃப்' என்பதை நீளமாக அமத்தினால் கேட்கும். அதில் ஒழுங்காக ஓடினால் கோளாறு பிற்பாடு போட்ட ஏதோ ஓர் அப்பில். இழுபடுகிற போனுக்கு முதல் சந்தேகம் நிரம்பிய சேமிப்பிடம். வட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்க வீடியோக்களை அழித்துப் பத்து வீதமாவது காலியாக்கினால் பெரும்பாலும் மூச்சு வந்துவிடும்.

இதெல்லாம் பார்த்தும் ரீசெட்தான் என்றால், பட்டனைத் தொட முன் கையில் இருக்க வேண்டியவை சில உண்டு. எல்லாவற்றிலும் முக்கியம் கூகுள் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். 'எப்பவும் தானாகத் திறக்கும்' என்பது ரீசெட்டுக்குப் பிறகு உதவாது. கடவுச்சொல்லை இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் 24 மணித்தியாலம் பொறுத்து ரீசெட் செய்யுங்கள் என்பது கூகுளின் அறிவுறுத்தல். இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்திருந்தால், அது கேட்கிற ஒப்புதல் நீங்கள் இப்போது அழித்த அதே போனுக்குத்தான் போகும். எனவே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மாற்றுக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், மொத்தம் பத்துத் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை செல்லும்.

அடுத்தது வெளிநாட்டு சிம். வட்ஸ்அப் உங்கள் லண்டன் அல்லது ஒஸ்லோ இலக்கத்தில் இருந்தால் உறுதிப்படுத்தும் ஆறு இலக்கம் அந்த இலக்கத்துக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இலங்கை சிம் போட்டவுடன் பழைய சிம்மைக் கழற்றிப் பேர்ஸில் போட்டவர்கள், ரோமிங் போடாமல் வந்தவர்கள், இங்கே மாட்டிக்கொள்வார்கள். ரீசெட்டுக்கு முன்பே அந்த சிம்மைப் போட்டு, ரோமிங்கைத் திறந்து, யாரையாவது ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். வந்தால் மட்டும் மேலே போகலாம். வட்ஸ்அப்பில் இரண்டு படிப் பின் போட்டிருந்து மறந்துவிட்டால், மீட்பு மின்னஞ்சலும் கொடுக்காவிட்டால், ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பல விடுமுறைகளே அவ்வளவுதான். பேக்கப் அதே கூகுள் கணக்கில் அன்றைய திகதியோடு இருக்கிறதா என்று வட்ஸ்அப்பில் போய்க் கண்ணால் பாருங்கள். வைபரில் பேக்கப் தனியாகச் செய்ய வேண்டும், வட்ஸ்அப்போடு சேர்ந்து போகாது.

வங்கி அப் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஆலோசனை: முடிந்தால் வீடு திரும்பும்வரை ரீசெட்டைத் தள்ளிப் போடுங்கள். வங்கி அப் போனோடு கட்டப்பட்டது. ரீசெட்டுக்குப் பிறகு புதிதாகப் பதிய வேண்டும், சில ஐரோப்பிய வங்கிகள் அதற்கான குறியீட்டைத் தபாலில் வீட்டு விலாசத்துக்கு அனுப்பும். கொழும்பில் நின்றுகொண்டு அட்டைக் கொடுப்பனவை அப்பில் ஒப்புதல் செய்ய முடியாமல் போவது சின்னச் சிரமம் இல்லை. இ-சிம் பாவிப்பவர்கள் ரீசெட் திரையில் இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்கும் பெட்டியில் சரி அடையாளம் போடாதீர்கள். இ-சிம்மைத் திரும்பப் போடத் தேவையான கியூஆர் படம் பல கம்பனிகளில் ஒருமுறைதான் செல்லும்.

இனி ரீசெட். போன் திறக்கிற நிலையில் இருந்தால் செட்டிங்ஸ் வழியேதான் செய்ய வேண்டும். சாம்சங்கில் 'ஜெனரல் மனேஜ்மென்ட்', 'ரீசெட்', 'ஃபக்டரி டேட்டா ரீசெட்'. பிக்சலில் 'சிஸ்டம்', 'ரீசெட் ஒப்ஷன்ஸ்'. ரெட்மியில் 'அபவுட் போன்' உள்ளே இருக்கும். மின்கலம் பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜர் செருகியே செய்வது நல்லது. மெமரி காட் தனியாக நிற்கும், அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

போன் எழும்பவே இல்லையென்றால்தான் ரிகவரி, அதாவது பட்டன்களைப் பிடித்துத் திறக்கிற பழுதுபார்ப்பு மெனு. புதிய சாம்சங்கில் போனை அணைத்து, கேபிளால் கணினியில் செருகி, பக்கப் பட்டனையும் வொலியூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கேபிள் இல்லாமல் ரிகவரி வராது. வீட்டில் அரை மணித்தியாலம் அமத்தி அலுத்தவர்கள் தவறவிடுவது இதைத்தான். உள்ளே போனவுடன் நேரே அழிப்பதற்குப் போக வேண்டாம். 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இருந்தால் அது முதலில், 'ரிப்பேர் அப்ஸ்' இருந்தால் அது அடுத்தது. இரண்டும் படங்களைத் தொடாது, அப்டேட்டுக்குப் பிறகு லோகோவில் நிற்கும் போன்கள் இதிலேயே எழும்புவதுண்டு. பிக்சலில் பவரும் வொலியூம் குறைப்பும் பிடித்து 'ரிகவரி மோட்' தெரிவு செய்தால் 'நோ கொமாண்ட்' என்று ஒரு படம் வரும். அது பழுதல்ல. பவரைப் பிடித்தபடி வொலியூம் கூட்டும் பட்டனை ஒருதரம் தட்டிவிட்டால் மெனு வரும். 'வைப் டேட்டா' என்பது கடைசி வழி.

ரிகவரியில் அழித்த போன் எழும்பியவுடன் முன்பிருந்த கூகுள் கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். களவெடுத்த போன் விலைபோகாமல் இருக்க 2015இல் அன்ட்ரொய்ட் 5.1உடன் வந்த பூட்டு இது. ஆனால் மாட்டுப்படுவது அன்போடு போன் கொடுத்தவர்களும்தான். மாமா தன் பழைய போனை ரிகவரியில் அழித்து மருமகனுக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார். இங்கே பிள்ளை திறந்தால் போன் மாமாவின் கூகுள் கணக்கைக் கேட்கும். பிறகு வட்ஸ்அப்பில் கடவுச்சொல் கேட்டு அனுப்பி, அது மாமாவிடம் ஒப்புதல் கேட்டு, இரவு பகல் வித்தியாசத்தில் இரண்டு நாள் போகும். கொடுக்கிற போனில் முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கையும் சாம்சங் கணக்கையும் நீக்குங்கள், திரைப்பூட்டை எடுங்கள், அதன் பிறகு செட்டிங்ஸ் வழியே ரீசெட் செய்யுங்கள். பூட்டை 'உடைத்துத் தருகிறோம்' என்பவர்களிடம் போகாதீர்கள். அன்ட்ரொய்ட் 15இல் இந்தப் பூட்டு இன்னும் இறுக்கப்பட்டிருக்கிறது. உடைக்க ஓட்டும் மென்பொருள் போனுக்குள் என்ன விட்டுவிட்டுப் போகும் என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை. வாங்கிய ரசீதோடு தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்துக்குப் போவதே நேர் வழி.

ரீசெட் தீர்க்காத இரண்டு விடயங்களும் உண்டு. ஒன்று வலையமைப்புப் பூட்டு, அதாவது விற்ற கம்பனியின் சிம்மை மட்டும் ஏற்கும்படி போட்ட பூட்டு. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதலும் பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் போன்களைப் பூட்டி விற்க முடியாது. அதற்கு முந்திய போனும் அமெரிக்கக் கம்பனிகளின் போனும் இலங்கை சிம்மை மறுக்கலாம். அதைத் திறப்பது விற்ற கம்பனிதான், புறப்பட முன்பே கேட்டு முடியுங்கள். மற்றது ஐஎம்இஐ (IMEI), ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள இலக்கம். அது எத்தனை ரீசெட்டிலும் மாறாது. *#06# அடித்தால் 15 இலக்கம் வரும், இரண்டு சிம் போனில் இரண்டு. கொழும்பில் பழைய போன் வாங்குகிறவர்கள் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். பெட்டியில் உள்ள இலக்கமும் திரையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கவுண்டரில் பழகுவது பற்றி. விலையை முதலே கேளுங்கள், சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள், பின் இலக்கத்தைத் தாளில் எழுதிக் கொடுக்காமல் நின்று நீங்களே அடியுங்கள். "பின்னேரம் வாங்கோ" என்றால் ரீசெட்டுக்கு அது தேவையில்லை என்று பணிவாகச் சொல்லலாம். நல்ல பெடியள் முன்னுக்கே செய்து தருவார்கள். ரீசெட்டுக்குப் பிறகு படங்களை மீட்டுத் தருவோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இப்போதைய அன்ட்ரொய்ட் போனில் தரவு மறைகுறியாக்கப்பட்டே கிடக்கும், ரீசெட் அதன் சாவியை அழித்துவிடும். எடுக்கக்கூடியது கூகுளில் ஏறியிருப்பதும் மெமரி காட்டில் இருப்பதும் மட்டுமே.

திரும்ப ஏற்றுவதற்கு வீட்டு வைஃபை இருக்கும் இரவைத் தெரிவு செய்யுங்கள், மொபைல் டேட்டாவில் தொடங்கினால் றீலோட் போட்டது பாதியில் முடியும். புதிய அன்ட்ரொய்ட்டில் எடுத்த பேக்கப் பழைய அன்ட்ரொய்ட் போனில் ஏறாது. அம்மம்மாவின் போனுக்கு இன்னொரு கணக்கு உண்டு: 57 நாள் பாவிக்காமல் கிடந்த போனின் கூகுள் பேக்கப் அழிக்கப்படலாம். அவருக்கு ஒரு கூகுள் கணக்கு திறந்து, மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி, அருகில் இருக்கிற பேரப்பிள்ளையின் இலக்கத்தை மீட்பு இலக்கமாகப் போடுங்கள். ஜெர்மனியிலுள்ள மகனின் இலக்கத்தைப் போட்டால், அடுத்த தரம் போன் நின்றுபோகும் அன்று அந்தக் குறியீடு நித்திரையில் இருக்கிறவரின் போனுக்குத்தான் போகும்.