ரெஃபரன்ஸ் பக்கமா, பயிற்சிப் பாடமா?

மதுரை கே.கே.நகரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதும் ஒரு சின்ன பைத்தான் ஃபிரேம்வொர்க்கை (ஆப் கட்ட உதவும் தயார் கோடுத் தொகுப்பு) மற்றவர்களுக்குப் புரியவைக்க இரண்டு வழியையும் செய்து பார்த்துவிட்டோம். முதலில் ரெஃபரன்ஸ், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்யும் என்று பட்டியலிடும் பக்கங்கள். கோடுக்குள் எழுதி வைத்த டாக்ஸ்டிரிங்குகளை (விளக்கக் குறிப்புகளை), 2008இல் வந்த ஸ்பிங்க்ஸ் என்ற கருவி அப்படியே எடுத்துப் பக்கங்களாக்கிவிடும். வேலை குறைவு, கோடு மாறினால் மறுபடி பில்ட் செய்தால் போதும். ஆனால் திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு தம்பி அத்தனையையும் படித்துவிட்டு, "அண்ணே, எல்லா ஃபங்ஷனும் இருக்கு, எதை முதல்ல கூப்பிடணும்?" என்று கேட்டான். அதற்கு அந்தப் பக்கங்களில் பதிலே இல்லை.

அப்புறம்தான் பாடம் எழுத உட்கார்ந்தோம். ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கின் பாடம் ஒரு வாக்கெடுப்பு ஆப்பைக் கட்டிக்கொண்டே மாடல் (தரவின் அமைப்பு), வியூ (கோரிக்கைக்குப் பதில் தரும் கோடு), டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவம்) எல்லாவற்றையும் காட்டிவிடும். அதே மாதிரி நாங்கள் மாட்டுத்தாவணி பஸ் நேரங்களைக் காட்டும் ஆப் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் பத்து நிமிடத்துக்குள் பிரவுசரில் ஏதாவது தெரிந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். எழுதுவது பெரும்பாடு, ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் வரிவரியாக ஓட்டிப் பார்க்கவேண்டும். இருந்தாலும் புதிதாக வருகிறவருக்கு இதுதான் சரி. டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது) எண் வினாடியா மில்லிவினாடியா என்று மட்டும் தேடி வருகிறவருக்கு ரெஃபரன்ஸ்தான் வேண்டும். இப்போது முகப்பில் பாடம் மேலே, ரெஃபரன்ஸ் அதற்குக் கீழே.