பத்து வயதுக் கணினிக்கு ஒரு புதிய எஸ்எஸ்டி

2016ஆம் ஆண்டு முதல் வீட்டில் உழைத்துவரும் எங்கள் மேசைக் கணினியில் இன்டெல் ஆறாம் தலைமுறை கோர் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை இருந்தன. பொத்தானை அழுத்திவிட்டு எழுந்துபோய் வேறொரு வேலையை முடித்து வந்தாலும் முகப்புத்திரை முழுதாக விரிந்திராது என்ற நிலை வந்தபோது, புதியது வாங்குவதா, இருப்பதையே தேற்றுவதா என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. இரண்டாவது வழியில் சென்று, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்கின் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனம்), கூடுதலாக 4 ஜிபி ரேமும் பொருத்திச் சில மாதங்கள் ஆகின்றன.

எதையும் வாங்குவதற்கு முன், கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தது நல்லதாயிற்று. கணினி திணறிய நேரங்களில் செயலி பெரும்பாலும் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டின் மேல் முள் நகர்ந்து ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்கப் பத்து மில்லி வினாடிக்கும் மேல் ஆகிறது. அசையும் பாகங்களே இல்லாத எஸ்எஸ்டிக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். விளம்பரங்கள் முன்னிறுத்துவது நொடிக்கு 550 எம்பி என்ற வேகத்தை. ஆனால் கணினி தொடங்கும்போது படிக்கப்படுபவை ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள் என்பதால், நாம் உண்மையில் உணர்வது தேடும் நேரம் குறைந்ததைத்தான். எங்கள் கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடுகிறது. ரேமைக் கூட்டியதன் பலன் இவ்வளவு பளிச்சென்று தெரியவில்லை. உலாவியில் பத்துப் பன்னிரண்டு டேப்களைத் திறந்து வைப்பவர்களுக்கு மட்டும் அது புரியும். ரேம் வகைகளான டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாதவை ஆதலால், மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்துவிட்டே ரேம் வாங்க வேண்டும்.

பழைய டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க முயன்றபோது, அதிலிருந்த பழுதடைந்த செக்டர்களால் (தரவு பதியும் சிறு பகுதிகளால்) வேலை பாதியில் நின்றுவிட்டது. கோப்புகளை மட்டும் தனியே காப்பாற்றிக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருந்ததால் புதிய சாவி எதுவும் தேவைப்படவில்லை.

எஸ்எஸ்டியால் தீராத குறையும் உண்டு. ஏவி1 என்ற புதிய முறையில் சுருக்கப்பட்ட இணையக் காணொளிகளை விரித்துக் காட்டும் தனிச் சுற்று இந்தச் செயலியில் இல்லை. 4கே தரத்தில் படம் பார்க்கவோ காணொளி தொகுக்கவோ விரும்புபவர் இந்த வழியில் பணத்தைப் போடாமல் இருப்பதே மேல்.

இதைவிடப் பெரிய சிக்கல் மென்பொருளில்தான் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எங்கள் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) முடக்கப்பட்டிருந்ததைக் கண்டு அதை இயக்கியும் பயனில்லை; இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. ஆக, வேகத்தில் குறையில்லாத கணினி, மைக்ரோசாஃப்ட் ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இல்லாத காரணத்தால் வாசலில் நிற்கிறது. தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11ஐ நிறுவும் குறுக்கு வழிகள் உண்டு என்றாலும், அவ்வாறு நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வந்தே தீரும் என்ற உறுதி இல்லாதபோது, வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 10க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 13 அக்டோபர் 2026 வரை அவகாசம் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது அவகாசம்தானே தவிரத் தீர்வு அன்று.

எனவே விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22ஐப் பென் டிரைவிலிருந்து, எதையும் நிறுவாமலேயே, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். 2029 வரை ஆதரவு உள்ள இந்தப் பதிப்புக்கு 4 ஜிபி ரேம் போதும் என்பதால் எங்கள் 8 ஜிபி தாராளம். உலாவி, மின்னஞ்சல், லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் தடையின்றி இயங்கின. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கடிதங்கள் முதலில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் திறந்தபோது சற்றுக் கலங்கினேன். எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் அவை பழையபடி தமிழாகிவிட்டன. பழைய ஸ்கேனர் மட்டும் எவ்வளவு முயன்றும் மின்டில் இயங்கவில்லை.

அதனால் எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்து, அன்றாட வேலைக்கு மின்டையும், இணையத் தொடர்பைத் துண்டித்த நிலையில் ஸ்கேனருக்காக மட்டும் விண்டோஸ் 10ஐயும் வைத்திருக்கிறேன். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நாள்தோறும் நம்பியிருப்பவருக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது; அவர் புதிய கணினியே வாங்கலாம். மற்றவர்கள் முதலில் எஸ்எஸ்டியை மாற்றிப் பார்க்கலாம். பின்னர் புதிய மேசைக் கணினி வாங்க நேர்ந்தாலும், அதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் பொருத்திக்கொள்ளப் பெரும்பாலும் இடமிருக்கும்.