கேட்பதா, கூட இருந்து பார்ப்பதா?

காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று சொல்லும் ஒரு செல்போன் செயலிக்காகப் பாம்பன் கரையில் நாட்டுப்படகுக்காரர்களிடம் ஆய்வு செய்யப் போயிருந்தேன். உட்கார வைத்துக் கேட்பது ஒரு வழி, கூடவே இருந்து பார்ப்பது இன்னொன்று. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பார்க்கப் போங்கள் என்பேன்.

"கடலுக்குப் போறதுக்கு முன்னாடி செல்லுல நிலவரம் பாப்பீங்களாண்ணே?" என்று வலை சரிசெய்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன். "பாக்காம எப்படித் தம்பி போறது?" என்றார். மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு அதே கரையில் நின்றேன். செல்போன் பாலித்தீன் பைக்குள் இருந்தது, மேலே ரப்பர் பேண்டு. ஈர விரலுக்குத் திரை நகரவில்லை. கைலியில் துடைத்துவிட்டு, உறைக்கு மேலேயே அழுத்தி, முன்னால் கிளம்பிப்போன மச்சானைக் கூப்பிட்டார். "வெளிய காத்து எப்படிடா?" அவ்வளவுதான், செயலியைத் திறக்கவே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. தேடி வந்து கேட்கிறவன் மனம் கோணாமல் பதில் சொல்வது யாருக்கும் இயல்பு. சொல்லும் செயலும் எதிர்ப்பக்கமாகவும் விலகும். 1930களில் லாப்பியர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சீனத் தம்பதியுடன் 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். மறுத்தது ஒரே இடம். பிறகு கடிதம் போட்டுக் கேட்டபோது, பதில் எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சீனர்களை ஏற்க மாட்டோம் என்றார்கள்.

பார்ப்பதிலும் குறை உண்டு. நாம் நிற்பதாலேயே சிலர் கூடுதல் ஒழுங்காக நடப்பார்கள். அதைவிடப் பெரிய குறை, ஒரு நாள் பார்த்தால் ஒரு காற்றுதான் தெரியும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலை (மன்னார் வளைகுடா) விட்டு வடகடலுக்கு (பாக் நீரிணை) மாறுவதைக் கேட்டுத்தான் அறிய முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும்போது நாட்டுப்படகுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் அப்படித்தான்.

கேட்பதாக இருந்தால் "பயன்படுத்துவீங்களா?" வேண்டாம். "கடைசியா எப்பப் பாதியில திரும்பினீங்க?" என்று கேளுங்கள். கண்ணால் பார்த்ததைப் பற்றிக் கேட்பது இன்னும் நல்லது. "மச்சானை ஏண்ணே கூப்பிட்டீங்க?" என்றேன்.

"அவன் அங்கன நிக்கிறான் தம்பி. காத்து அவன் மேலதான அடிக்குது."

முதலில் கிளம்புகிறவர் தன் குரலிலேயே நிலவரம் சொல்ல ஒரு பொத்தான் வைத்தோம். அது பிடித்திருக்கிறதா என்று அவரிடம் கேட்கவில்லை. பாலித்தீன் உறையோடு செல்லைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.