அலமாரியில் 589, பில்லில் 655: தள்ளுபடிக் கடையில் மாதச் சாமான் வாங்குகிறவர்களுக்கு

2025 தீபாவளிக்கு எட்டு நாள் முன்னால், அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு பெரிய தள்ளுபடி சூப்பர்மார்க்கெட்டில் பண்டிகைச் சாமான் வாங்கினேன். பில் 4,386 ரூபாய். கடையின் பெயரை இங்கே போடப்போவதில்லை. இது எந்த ஊர்த் தள்ளுபடிக் கடையிலும் நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நெய் அலமாரி முன்னால் நின்றபோது என் மகள் அதைப் படம் எடுத்து அவள் அத்தைக்கு அனுப்பினாள். ஒரு லிட்டர் பாட்டில், எம்ஆர்பி 720, இங்கே 589 என்று மஞ்சள் அட்டை. "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று பதில் வந்தது. இரண்டு வாங்கினோம். சாயங்காலம் நாத்தனாரிடம் காசு வாங்குவதற்காக பில்லை எடுத்துப் பார்த்தால் ஒரு பாட்டில் 655 என்று இருக்கிறது. படத்தில் 589, பில்லில் 655. இரண்டு பாட்டிலுக்கு 132 ரூபாய் கூடுதல்.

அந்தப் படம் கையில் இல்லாமல் இருந்தால் நானே தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்து விட்டிருப்பேன். அன்று ராத்திரி பில்லை வரி வரியாகப் பார்த்தேன். துணி சோப்புத் தூள் "2 வாங்கினால் 1 இலவசம்" என்று பெரிய போர்டு தொங்கியது. பில்லில் மூன்றுக்கும் 110 வீதம் 330 போட்டிருந்தார்கள். முந்திரிப் பருப்பு கால் கிலோ, அட்டையில் 229, பில்லில் 265. நாங்கள் கேட்காமலே சாமானைப் போட்டுக் கொடுத்த இரண்டு பைகளுக்கு 24 ரூபாய். கூட்டினால் 302 ரூபாய். வாங்கியது நாற்பது பொருளுக்கு மேல். இந்த மூன்று விலைதான் எனக்கு நினைவில் இருந்தது. மற்றவற்றில் அட்டை விலை என்ன என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் பில்லோடும் படத்தோடும் போனேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அது பழைய டேக் அக்கா. சிஸ்டத்துல என்ன ரேட் ஏத்தியிருக்காங்களோ அதுதான் பில்லுல வரும்." சோப்புத் தூள் ஆஃபர் சனிக்கிழமையோடு முடிந்ததாம், போர்டை இறக்க ஆள் இல்லையாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் சம்பளத்துக்கு நிற்கிறவன். மேலாளர் வந்து சொன்னதுதான் மனதில் நின்றுவிட்டது. "எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா வாங்கினோமா மேடம்? அப்புறம் என்ன பிரச்சினை?"

எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது என்பது ஒரு சட்டம், சரி. அதற்குக் கீழே எதை வேண்டுமானாலும் எழுதி வைத்துவிட்டு வேறு விலை வாங்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறைகள் என்று ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறது. மலிவு விலை என்று விளம்பரம் செய்துவிட்டு அந்த விலைக்குக் கொடுக்காமல் இருப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் இருக்கிறது.

கடைசியாகச் சொன்னதும் எனக்கு நடந்தது. அன்று வாங்கிய கேழ்வரகு மாவு ஒரு கிலோ, 62 ரூபாய். பிரித்தால் வண்டு. உறையைத் திருப்பிப் பார்த்தேன்: ஜூன் 14ஆம் தேதி பாக்கெட் செய்தது, நான்கு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். நான் வாங்கிய நாளுக்கு இரண்டு நாளில் காலாவதி. பின்வரிசையில் புதுசு இருந்திருக்கும், முன்வரிசையில் இருந்ததை நான் எடுத்துவிட்டேன். அதையும் கொண்டுபோனேன். "மளிகைச் சாமான் ரிட்டர்ன் கிடையாது" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். சட்டம் சொல்வது வேறு. குறையுள்ள பொருளை பில்லில் போட்டிருக்கிற கெடுவுக்குள் திரும்ப எடுக்க வேண்டும், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும். சுவரில் தாள் ஒட்டினால் அது மாறிவிடாது.

அந்த 302 ரூபாயோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றரை வருடமாக இதே கடையில் வாங்குகிறேன். பக்கத்து வீட்டு அக்கா, "அங்க போனா மாசம் ஐந்நூறு அறுநூறு மிச்சம்டி" என்று சொன்னதில் ஆரம்பித்தது. உண்மையில் மிச்சமாகிறதா என்று ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. பில்லின் அடியில் "இன்று நீங்கள் சேமித்தது 1,204 ரூபாய்" என்று அச்சாகி வரும், அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த 1,204 எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். எம்ஆர்பியில் இருந்து கழித்தது. கடை தன் பெயரிலேயே பாக்கெட் போடும் துவரம் பருப்பில் எம்ஆர்பி 210, விலை 139, சேமிப்பு 71 என்று காட்டுகிறார்கள். அதே நாளில் எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் துவரம் பருப்பு சில்லறையாகக் கிலோ 128. அங்கே எம்ஆர்பி என்ற பேச்சே இல்லை, சந்தை விலைக்கு நிறுத்துக் கொடுக்கிறார். 210க்கு அந்தப் பருப்பை ஊரில் யாரும் வாங்குவதில்லை. யாரும் கொடுக்காத விலையில் இருந்து கழித்துக் காட்டுவது சேமிப்பு ஆகாது. பருப்பு, உளுந்து, மல்லி, மிளகாய், சீரகம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பார்த்த வரைக்கும் எனக்கு அதிகம் போனது இந்த வகையில்தான், மஞ்சள் அட்டையில் அல்ல.

ஷாம்பு கணக்கு இதைவிட மோசம். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய் இவற்றுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய எம்ஆர்பி 236 போட்ட பாட்டில் என்றால் அதில் பொருளின் விலை 200, வரி 36. புது வரியில் அது 210 ஆக வேண்டும். இந்தக் கடையில் "தீபாவளி அதிரடி, 10 சதவீதம் தள்ளுபடி" என்று பழைய 236இல் கழித்து 212 ரூபாய் 40 காசுக்குக் கொடுத்தார்கள். அதாவது அரசாங்கம் குறைத்த வரியைத் தங்கள் தள்ளுபடி என்று எழுதி, அதற்கும் மேலே இரண்டு ரூபாய் நாற்பது காசு வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி கடையில் அதே பாட்டில் 210. "வரி குறைஞ்சிருச்சும்மா" என்று அவரே சொல்லிக் குறைத்தார்.

எண்ணெய்க்கு வருகிறேன். சூரியகாந்தி எண்ணெய் கவர் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள், பார்க்க ஒரே அளவு. ஒன்று 1 லிட்டர், 156 ரூபாய். இன்னொன்று 142 ரூபாய், ஆஃபர் அட்டையோடு. நான் எப்போதும் 142ஐத்தான் எடுப்பேன். அதில் பொடி எழுத்தில் 800 கிராம் என்று இருக்கிறது. எண்ணெய் தண்ணீரை விட லேசு, ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் வரும். அப்படிப் பார்த்தால் 156 ரூபாய்க் கவரில் கிராம் 17.1 காசு, 142 ரூபாய்க் கவரில் கிராம் 17.8 காசு. மலிவு என்று எடுத்ததுதான் விலை கூட.

முன்பெல்லாம் எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் போன்றவற்றை இத்தனை கிராம், இத்தனை மில்லிதான் பாக்கெட் போட வேண்டும் என்று எடையளவு விதிகளில் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் இப்போது விதவிதமான அளவில் வருகிறது. அதற்குப் பதிலாக ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும் என்று விதி வந்தது. எம்ஆர்பிக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும், பாருங்கள். எண்ணெயில் மட்டும் கவனம்: ஒன்றில் மில்லிக்கும் இன்னொன்றில் கிராமுக்கும் போட்டிருப்பார்கள், நேராக ஒப்பிட முடியாது.

அரிசி மூட்டையும் இப்படித்தான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்கும் லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதனால் 26 கிலோ மூட்டை வர ஆரம்பித்தது. இரண்டையும் மூட்டை விலையாக ஒப்பிடாதீர்கள். கிலோவுக்கு என்ன என்று வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நவம்பரில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன். எங்கள் மாத லிஸ்டில் 31 பொருள். இரண்டு கடையிலும் ஒரே வாரத்தில் விலை குறித்தேன், அட்டை விலை அல்ல, பில் விலை. தள்ளுபடிக் கடையில் 3,212, அண்ணாச்சி கடையில் 3,268. வித்தியாசம் 56 ரூபாய். போக வர பதினாலு கிலோமீட்டருக்கு வண்டிப் பெட்ரோல் அதில் போகட்டும். ஆனால் அந்தக் கடையில் நான் 3,212க்கு ஒருநாளும் பில் போட்டதில்லை. 4,000க்கு மேல் வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை 9 ரூபாய் என்று ஒரு ஆஃபர் உண்டு. அந்த எல்லையைத் தொடுவதற்காக நூடுல்ஸ், சாஸ், இன்னொரு டப்பா பிஸ்கட் என்று எடுத்துப் போடுவேன். முப்பத்தைந்து ரூபாய் மிச்சப்படுத்த கிட்டத்தட்ட எண்ணூறு ரூபாய்ச் சாமான். ரேஷனில் சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். அதை வரிசையில் நிற்க அலுத்துக்கொண்டு சில மாதம் விட்டிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. பாத்திரம் தேய்க்கிற திரவம், தரை துடைக்கிறது, பெரிய பாக்கெட் சோப்பு, டீத்தூள் இவற்றில் பில் விலையே அங்கே நிஜமாகக் குறைவு. மொத்தமாக இறக்குகிறார்கள், கம்பெனி அவர்களுக்கு விலை குறைத்துக் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இவற்றை மட்டும் வாங்கப் போகலாம். பருப்பும் மசாலாச் சாமானும் தெருக் கடையில் பார்த்து வாங்குங்கள்.

போனால் இதைச் செய்யுங்கள். விலை கூடின பொருள் எதுவானாலும் அட்டையும் பொருளும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம். கவுண்டரில் சாமானைப் பையில் போடுகிற அவசரத்தில் திரையை விட்டுவிடுகிறோம். ஒருவர் பை போடட்டும், ஒருவர் திரையைப் பார்க்கட்டும். வாசலைத் தாண்டுவதற்கு முன் பில்லைப் படியுங்கள். அந்த வழவழ தாளில் எழுத்து இரண்டு மாதத்தில் மங்கிவிடும், அதனால் பில்லையும் படம் எடுத்து வையுங்கள். விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அடியில் இருக்கிற பழைய எம்ஆர்பி தெரிகிறதா என்று பாருங்கள். விலையைக் குறைப்பதற்கு மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் கம்பெனி அச்சடித்த விலையை மறைக்காமல். போன் நம்பர் கொடுத்தால்தான் பில் வரும் என்றால் மறுத்துவிடுங்கள். நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பைக்குக் காசு என்று முன்கூட்டிச் சொல்லாமல் கவுண்டரில் வசூலிப்பது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதை நான் மேலாளரிடம் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை.

அவர் காசும் தரவில்லை என்பதால் 1915க்கு போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். பில் எண், தேதி, படம் எல்லாம் கேட்டு ஒரு புகார் எண் கொடுத்தார்கள். எடையிலோ பாக்கெட் விவரத்திலோ எம்ஆர்பியிலோ தவறு இருந்தால் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்க வேண்டும், எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது அவர்கள்தான். இதற்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. பதினோராவது நாள் கடையில் இருந்து போன் வந்தது. 500 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம், அடுத்த தடவை வரும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம், என் 302 ரூபாயும் மாவுக்கு 62 ரூபாயும் பணமாகக் கொடுங்கள் என்றேன். அன்று மதியமே 364 ரூபாய் கணக்கில் ஏறியது. "டேக் எல்லாம் சரி பண்ணிட்டோம் மேடம்" என்றும் சொன்னார்கள்.

போன வாரம் நாத்தனார் அந்தப் பக்கம் போனவர் அலமாரியைப் படம் எடுத்து அனுப்பினார். நெய்க்குப் புது அட்டை, 655. இரண்டு தட்டு தள்ளி முந்திரி, அட்டையில் இன்னும் 229. கால் கிலோ வாங்கிப் பார்த்திருக்கிறார். பில்லில் 265.